வெறுங் கைகாட்டி

போன கிழமைக் கதையில் மேனகாவைக் கொட்டாஞ்சேனையில், பெரியத்தான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பாயாசக் கிண்ணமும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். அவள் சொன்ன வசனம் இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

"பெரியத்தான், இந்த ஏ.எல் சோதினை முடிய நான் தனியா வகுப்பு எடுக்கப்போறன்."

பெரியத்தான் கிருஷ்ணராஜ் கை கழுவ எழும்பிப் போனார். மேனகாவின் கணவன் கஜேந்திரனுக்கு அவர் ஒரே அண்ணன். 'ஏணி கல்வி நிலையம்' அவருடையது. வருஷக்கணக்காக மேனகா உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிப்பது அங்கேதான். வாசல் பலகையில் கிருஷ்ணராஜின் படம் ஆளுயரத்துக்கு நிற்கும். மேனகாவின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்தும் தேடலாம், கிடைக்காது.

அது ஞாயிறு மத்தியானம். அன்று பின்னேரம் ஐப்பசி மழை கொட்டியது. இன்றைக்குத் திங்கள், பௌர்ணமிப் போயா விடுமுறை.

வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சமையலறையில் மேனகா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாணவி ஷிம்னாவின் தாய் ஸமீமா.

"டீச்சர், நாங்க அத நம்பல்ல. முதல்ல அதச் சொல்லத்தான் எடுத்த."

"எதை நம்பேல்ல?"

"அல்லாஹ்வே, நீங்க இன்னும் பாக்கல்லயா? பெற்றோர் குரூப்புல சேர் போட்டீக்கிறார். பாருங்க டீச்சர். பாத்துட்டு மனச மட்டும் விட்டுடாதீங்க."

மேனகா பார்த்தாள்.

'அன்புள்ள பெற்றோர்களே, எமது உயிரியல் ஆசிரியை திருமதி மேனகா, சொந்தக் கோபதாபங்கள் காரணமாக, பரீட்சை நெருங்கும் இவ்வேளையில், பதிவு செய்யப்பட்ட பாடங்கள் அனைத்தையும் அழித்துவிட்டார் என்பதை மிகுந்த மனவேதனையுடன் அறியத்தருகிறோம். மாற்று ஏற்பாடு விரைவில் செய்யப்படும். கிருஷ்ணராஜ், பணிப்பாளர்.'

கீழே வரிசையாக அழுகிற முகங்கள், கும்பிடுகிற கைகள். ஒரு தாய் எழுதியிருந்தாள்: 'இவவெல்லாம் ஒரு ரீச்சரோ?'

அழுகை வரும் என்றுதான் மேனகா நினைத்தாள். வரவில்லை. உள்ளங்காலில் தொடங்கிய சூடு உச்சந்தலைவரை ஏறியது. இராத்திரி பகல் பாராமல், மின்விசிறிச் சத்தம் விழக்கூடாது என்று அதையும் நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்க அவள் பதிந்த பாடங்கள் அவை. அவற்றை அவளே அழித்தாளாம். பெற்றவளைப் பார்த்துப் பிள்ளையைக் கொன்றாய் என்று ஊர் கூட்டிச் சொல்கிற மாதிரி இருந்தது.

"இஞ்சாருங்கோ! உங்கட அண்ணை செய்திருக்கிற வேலையை வந்து பாருங்கோ!"

கஜேந்திரன் சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தான். ஒருதரம் வாசித்தான். இன்னொருதரம் வாசித்தான்.

"அண்ணை கொஞ்சம் அவசரப்பட்டிட்டார் போல கிடக்கு."

"அவசரமோ? என்னட்ட ஒரு சொல் கேட்டவரோ? எடுத்த எடுப்பில ஊருக்கு முன்னால கள்ளி ஆக்கிறதுக்குப் பெயர் அவசரமோ?"

அவள் கிருஷ்ணராஜுக்கு எடுத்தாள். போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப எடுத்தாள். அடிக்க முதலே துண்டிக்கப்பட்டது.

பிறகுதான் லப்டொப்பைத் திறந்தாள். இணையச் சேமிப்பகமான கிளவுட்டுக்குள் 'உயிரியல்' என்ற போல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. துடைத்து வைத்த சட்டி மாதிரி.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லவேண்டும். அது இல்லாவிட்டால் இன்றைய கூத்து விளங்காது.

இரண்டு வருஷத்துக்கு முதல் மேனகாவின் லப்டொப் பாடங்களால் நிரம்பி மூச்சு முட்டியது. புதிது வாங்கலாமா என்று அவள் கேட்டதும் கிருஷ்ணராஜே நேரில் வந்தார். ஒரு பெரிய ஹாட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தார். அது சுவரில் பிளக் போட்டால்தான் ஓடும் வகை. பாடங்கள் முழுவதையும் அதற்குள் மாற்றினார். கிளவுட் போல்டருக்குள் எதையோ தட்டினார்.

"இதுக்குப் பெயர் சிம்லிங்க். ஒரு கைகாட்டி மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளும். சந்தியில நிக்கிற கைகாட்டியில ஊர் இல்லை, ஊருக்குப் போற வழிதானே இருக்கு? அதுதான் இது. போல்டர் இஞ்ச இருக்கிற மாதிரித் தெரியும். சாமான் முழுக்க டிஸ்க்கில. கிளவுட் அந்த வழியால போய் எல்லாத்தையும் மேல ஏத்தும். அங்கயிருந்து என்ர கொம்பியூட்டருக்கும் தானா வந்திடும். பெக்கப்பும் ஆச்சு, புது லப்டொப்பும் தேவையில்லை."

பெரியத்தானின் மூளையை மெச்சி அன்றைக்கு மேனகா இறால் பொரித்துக் கொடுத்தாள். கைகாட்டி காட்டுகிற ஊர் ஒருநாள் காணாமல் போனால் என்ன நடக்கும் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மேனகா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள். டிஸ்க்கில் எப்போதும் எரிகிற நீல வெளிச்சம் இல்லை. பிளக் நிலத்தில் கிடந்தது.

"இதை ஆர் கழட்டினது?"

கஜேந்திரன் தலையைச் சொறிந்தான். "நேற்று இடி இடிச்சதெல்லே?"

கஜேந்திரனுக்கும் இடிக்கும் ஜென்மப் பகை. சின்ன வயதில் ஒரு மின்னல் அவர்கள் வீட்டுப் புது டிவியைக் கரியாக்கியது. பிளக்கைக் கழற்ற மறந்தது சின்னவன்தான் என்று அன்றைக்கு வீட்டில் தீர்ப்பாயிற்று. அதிலிருந்து வானம் லேசாகச் செருமினாலே போதும், அவன் வீடு முழுக்க ஓடி ஓடிப் பிளக் கழற்றுவான். டிவி, பிரிட்ஜ், ரூட்டர், ஒன்றும் தப்பாது. நேற்றும் அதுதான் நடந்தது. மேனகா தலையிடி என்று படுத்திருந்தாள்.

"மழை விட்டாப் பிறகு எல்லாத்தையும் திருப்பிப் போட்டனீங்களோ?"

"பிரிட்ஜைப் போட்டனான், மீன் கிடந்தது. ரூட்டரையும் போட்டனான். டிஸ்க்கை மட்டும் விட்டனான். வானம் மினுங்கிக்கொண்டே இருந்தது. உம்மட பாடம் எல்லே, பத்திரமா இருக்கட்டும் எண்டுதான்."

பத்திரம்! மேனகாவுக்குச் சிரிப்பதா முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. நடந்தது முழுக்க அவளுக்குக் கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

நேற்று லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது. ரூட்டருக்கு உயிர் வந்ததும் கிளவுட் தன் வேலையைத் தொடங்கியது. கைகாட்டி நின்றது, அது காட்டிய ஊரைக் காணோம். சரி, வீட்டுக்காரி எல்லாவற்றையும் அழித்துவிட்டாள் என்று அந்த யோசிக்கத் தெரியாத விசுவாசி முடிவு கட்டியது. மேலே இருந்ததையும் அழித்தது. கொட்டாஞ்சேனைக் கணினியில் இருந்ததையும் போய் அழித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கஜேந்திரன் பிளக்கை எடுத்துச் செருகக் குனிந்தான்.

"தொடாதேங்கோ!" என்று மேனகா போட்ட சத்தத்தில் பிளக் அவன் கையிலிருந்து விழுந்தது. "முதல்ல ரூட்டரைக் கழட்டுங்கோ. மேல வெறுமையாக் கிடக்கு. அதைப் பார்த்து இதையும் வெறுமையாக்கினா நான் எங்க போறது?"

ரூட்டர் அணைந்தது. பிறகு டிஸ்க்கைப் போட்டாள். நீல வெளிச்சம் எரிந்தது. மேனகா டிஸ்க்கைத் திறந்தாள். கலம், இழையம், பரம்பரையியல், நேற்றுக் காலை முடித்த மீட்டல் பாடம், எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி.

நிம்மதி கொஞ்ச நேரம்தான். பாடம் இருக்கிறது, சரி. பெயர்? குரூப்பில் போன பெயரை எந்த டிஸ்க்கில் தேடுவது?

"அண்ணைக்கு நான் போன்ல விளங்கப்படுத்திறன்," என்றான் கஜேந்திரன்.

"அவர் எனக்கு அடிச்சது நாலு பேர் பாக்க. நான் அவரின்ர முகத்தைப் பாத்துத்தான் கதைப்பன். வெளிக்கிடுங்கோ."

ஒரு பென் டிரைவில் ஒரு பாடத்தை மட்டும் பிரதி எடுத்தாள். லப்டொப், டிஸ்க், அதன் வயர், எல்லாவற்றையும் பையில் அடைத்துத் தோளில் மாட்டினாள். பையை நான் தூக்கிறன் என்று கஜேந்திரன் நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

போயா என்பதால் காலி வீதி வெறிச்சென்று கிடந்தது. ஓட்டோ காலிமுகத்திடலைத் தாண்டும்போது கஜேந்திரன் மெல்லத் தொடங்கினான்.

"அண்ணையோட கொஞ்சம் பாத்துக் கதையும். பெரியவர்."

"பெரியவர் எண்டா பெரிய பொய் சொல்லலாமோ?"

ஓட்டோ புறக்கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குள் நுழைந்தது.

ஜம்பட்டா வீதியில் கீழே கல்வி நிலையம், மேலே வீடு. கிருஷ்ணராஜின் மனைவி யோகேஸ்வரி கதவைத் திறந்தார். வாங்கோ என்ற சொல் வரவில்லை. எத்தனை சண்டை வந்தாலும் அந்த வாசலில் அந்தச் சொல் தவறியதே இல்லை.

"பிள்ளையளின்ர சாபம் பொல்லாதது, மேனகா," என்றார் யோகேஸ்வரி.

"அது ஆருக்கு விழுது எண்டு பாப்பம் அக்கா. பெரியத்தான் எங்க?"

அலுவலக அறையில் கிருஷ்ணராஜ் கணினிக்கு முன்னால் இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தனியாப் போறது எண்டா போகவேண்டியதுதானே. வீட்டைக் கொளுத்திப்போட்டுத்தான் போகவேணுமோ?"

"நான் ஒண்டையும் அழிக்கேல்ல."

"அப்ப ஆர் அழிச்சது? பேயோ?"

"நீங்கள் நட்ட கைகாட்டி."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். மேனகா இடி தொடக்கம் பிளக் வரை சொன்னாள். கஜேந்திரன் ஓம், ஓம் என்று தலையாட்டினான். கிருஷ்ணராஜ் உதட்டைப் பிதுக்கினார்.

"விசர்க்கதை. பிளக்கைக் கழட்டினா டிஸ்க் நிக்கும். மேல இருக்கிறது ஏன் அழியவேணும்? பெக்கப் எண்டா பெக்கப்தான். எனக்கே படிப்பிக்கிறீரோ?"

"ஓம். படிப்பிக்கிறதுதானே என்ர தொழில்."

அவள் லப்டொப்பைத் திறந்தாள். பென் டிரைவைச் செருகினாள். இரண்டு வருஷத்துக்கு முதல் அவர் காட்டித் தந்தபடியே, கிளவுட்டுக்குள் அதற்கு ஒரு கைகாட்டி போட்டாள்.

"அக்கா, நீங்களே பெரியத்தானின்ர கொம்பியூட்டரைப் பாத்துச் சொல்லுங்கோ."

யோகேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "புதுசா ஒரு போல்டர் வருது. உள்ள... ஓம், ஒரு பாடம் வந்திட்டுது."

"இப்ப பாருங்கோ." மேனகா பென் டிரைவை இழுத்து எடுத்தாள்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"ஐயோ, பாடம் போயிட்டுது!" என்றார் யோகேஸ்வரி. "என்னப்பா இது? அவள் ஒண்டையும் அழிக்கேல்லயே. தொடக்கூட இல்லையே!"

கிருஷ்ணராஜின் முகத்தைப் பார்க்கவேண்டும். தான் வைத்த கேள்விக்குத் தானே விடை தெரியாமல் முழிக்கிற வாத்தியார் முகம்.

"சரி, சரி," என்றார் கடைசியில். "மழையால வந்த வினை. டிஸ்க்கில எல்லாம் இருக்குத்தானே? பேந்தென்ன? தாரும், இஞ்சயே போட்டு ஏத்துவம். நடந்ததை மறப்பம்."

மறப்பமாம்! அடித்தவர் மறக்கச் சொல்கிறார். மேனகாவின் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது. ஆனால் சோதினைக்கு இருக்கிற பிள்ளைகளின் முகம் அதற்கு முன்னால் வந்து நின்றது. டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தாள்.

கிருஷ்ணராஜ் வயரை வாங்கிக்கொண்டு பிளக் போட இடம் தேடி மேசைக்குக் கீழே புகுந்தார். அந்த நேரம் பார்த்து மேசையில் இருந்த அவருடைய போன் அடித்தது.

"ஆரெண்டு பாரும்," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

யோகேஸ்வரி போனை எடுத்தார். கணவனுக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"சேர், பிறெடி பேசுறேன், வத்தளையிலருந்து. உயிரியல் போல்டர் இன்னும் காலியாத்தான் சேர் இருக்குது. நேத்து ராவுலருந்து உங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கேன். பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்திருக்குறாங்க. எட்வேட் சேர் கையப் பிசையிறாரு. அந்த மிஸ்ஸோட குரல் இல்லாம அவரு எப்படி சேர் கிளாஸ் நடத்துறது?"

மேசை ஒருதரம் ஆடியது. கீழே கிருஷ்ணராஜின் தலை முட்டிய சத்தம்.

"வையும்! போனை வையும்!"

யோகேஸ்வரி வைக்கவில்லை. "எந்த வத்தளை?" என்று கேட்டார். "வத்தளையில எங்களுக்கு என்ன கிடக்கு?"

"என்ன மேடம், நம்ம வத்தளை கிளாஸ்தான். வருஷம் ஒண்ணாச்சே," என்றான் பிறெடி அப்பாவியாக.

மேனகாவுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. கைகாட்டி நடுகிற கையை அவளுக்குத் தெரியும். இந்தக் கணினியிலும் ஒன்று நின்றிருக்கிறது. அவள் வெள்ளவத்தையில் வேர்த்து வேர்த்துப் பதிந்தது கொட்டாஞ்சேனைக்கு வந்து, இங்கிருந்து சத்தமில்லாமல் வத்தளைக்குப் போய், யாரோ எட்வேட்டின் வகுப்பாக விலைப்பட்டிருக்கிறது. நேற்று ராத்திரி எல்லாம் வெறுமையானபோது இவர் பதறியது கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்காக இல்லை.

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்த வாயால் பயிரைக் கள்ளி என்றும் சொல்லியிருக்கிறது.

கிருஷ்ணராஜ் மேசைக்குக் கீழேயிருந்து வெளியே வந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாம் குடும்பத்துக்குத்தானே, மேனகா. வெளியாரோ நாங்கள்?"

"பிடிபட்ட பிறகு மட்டும் நினைவுக்கு வருதே, அந்தக் குடும்பமோ? காலமை குரூப்பில என்னைக் கொண்டுபோய் நிறுத்தேக்க அது எங்க போயிருந்தது பெரியத்தான்? என்ர பெயரைப் பலகையில போட இடமில்லை எண்டனீங்கள். என்ர குரலை விக்க மட்டும் வத்தளை வரைக்கும் இடம் இருந்திருக்கு!"

அவள் டிஸ்க்கைத் தூக்கிப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினாள். கிருஷ்ணராஜின் கையில் வயர் மட்டும் தொங்கியது.

"எடுங்கோ போனை. என்ர கண்ணுக்கு முன்னால எழுதுங்கோ. மேனகா அழிக்கேல்ல எண்டு. அந்தக் கைகாட்டி ஒழுங்கைச் செய்தது நீங்கள் எண்டு."

"நாளைக்கு ஆறுதலா..."

"இப்ப எழுதுங்கோப்பா," என்றார் யோகேஸ்வரி. அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. போனை அவர் கையில் திணித்துவிட்டு, எழுதி முடியும்வரை தோளுக்குப் பின்னால் நின்றார். எழுதி முடிந்ததும் மனவேதனை என்ற சொல்லை அழித்து மன்னிப்பு என்று போடச் சொன்னார்.

அதற்குக் கீழே மேனகா தன் குரலிலேயே அனுப்பினாள். "பிள்ளையள், மேனகா ரீச்சர் கதைக்கிறன். ஒரு பாடமும் போகேல்ல. இண்டைக்குப் பின்னேரம் தொடக்கம் நானே உங்களுக்கு நேர அனுப்பிறன். படியுங்கோ."

வாசலில் யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்தார். "வரேக்க வாங்கோ எண்டு சொல்லேல்ல. மனசில வைச்சிருக்காத, மேனகா."

மேனகா அந்தக் கையை ஒருதரம் அழுத்திவிட்டு இறங்கினாள்.

ஓட்டோ புறக்கோட்டையைத் தாண்டியது. வென்றுவிட்டு வருகிறவளுக்கு மனம் லேசாக இருக்கவேண்டும். மேனகாவுக்கு ஏதோ ஒன்று செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. அந்த அறையை மனதுக்குள் திரும்பவும் ஓட விட்டாள். போன் அடித்தது. பிறெடி வத்தளை என்றான். பெரியத்தானின் தலை மேசையில் முட்டியது. யோகா அக்கா வாயைப் பிளந்தார். கஜேந்திரன்?

கஜேந்திரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சாருங்கோ."

"ம்."

"எந்த வத்தளை எண்டு யோகா அக்கா கேட்டவ. அவவின்ர சொந்தப் புருஷன், அவவே கேட்டவ. நீங்கள் ஏன் கேக்கேல்ல?"

கடலுக்கு மேலே வானம் கறுத்து ஒருதரம் உறுமியது. இடி என்றால் முதல் ஆளாகத் துள்ளுகிற கஜேந்திரன் அசையவில்லை.

"வீட்ட போய்க் கதைப்பம், மேனகா."

மேனகா முன்னால் குனிந்து ஓட்டோக்காரனின் தோளில் தட்டி, இங்கேயே நிறுத்தச் சிங்களத்தில் சொன்னாள். "மல்லி, மெதன நவத்தன்ன."

காலிமுகத்திடல் ஓரமாக ஓட்டோ நின்றது. முதல் துளி கூரையில் விழுந்தது. மேனகா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

"இஞ்சயே கதையுங்கோ," என்றாள்.